மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண்ணும் என் சிவப்பு அம்புகளும்

நான் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கடைசிச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு, இனி டப்பாவில் வைக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் நிம்மதியாக அனுப்பிவிடுகிற ஷூவை நான் எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எங்கேயாவது ஒரு தையல் தாண்டியிருக்கும். பசை வழிந்திருக்கும். மாட்டை எப்போதோ முள்கம்பி கிழித்த கீறல் சாயத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். குறை இருக்கிற இடத்தைக் காட்ட எங்களுக்குச் சிவப்பு நிறத்தில் அம்பு ஸ்டிக்கர் கொடுப்பார்கள். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அம்பின் முனை குறையைத் தொடுகிற மாதிரி ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, வரிசையாக ஒட்டிவைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதும் ஒன்றிரண்டு அங்கேயே இருக்கும்.

அழகாக இருக்கிற பொருளைப் பார்த்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். இது எதை மறைக்கிறது என்று பார்ப்பேன். தோல் ரொம்பப் பளபளப்பாக இருந்தால் அடியில் உண்ணி கடித்த தழும்பு இருக்கும், அதற்காகச் சாயத்தை ஜாஸ்தியாக அடித்திருப்பார்கள். இந்த வேலையால் இந்தக் குணம் வந்ததா என்று கேட்பவர்களுக்கு என் அம்மா பதில் வைத்திருக்கிறாள். சின்ன வயதிலேயே இட்லியைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேனாம்.

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டு அறையைவிடப் பெரிய மர டிரம்கள். பச்சைத் தோலும் மருந்தும் தண்ணீரும் அதற்குள் நாள் முழுக்கச் சுற்றும். அந்த நாற்றம் மனுஷன் மேல் ஏறினால் இறங்காது. சோப்புக்கும் பெப்பே, சீயக்காய்க்கும் பெப்பே. கல்யாணமான புதிதில் எனக்குக் குமட்டியது. பிறகு பழகிப்போய்விட்டது. நல்ல மனுஷன்தான். ஆனால் பேச மாட்டார். சிரிக்கவும் மாட்டார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் உதட்டோரத்தில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். பையன் பிறந்த அன்றைக்கும் அந்தக் கோடுதான்.

பையன் இப்போது வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பாலிடெக்னிக் படிக்கிறான். மாதனூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதிலும் அவருடைய டேனரிக்கு லீவு வெள்ளிக்கிழமை, என் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பக்கம் வேலை செய்கிற புருஷன் பெண்டாட்டி பாதிப் பேருக்கு இப்படித்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு லீவு நாளில் ஒருவரை ஒருவர் பார்ப்பது கம்மி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேனரியில் மோட்டார் ரிப்பேர் என்று அவரும் வீட்டில் இருந்தார். இருவரும் ஒன்றாக வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் சீட் பிடித்துவைக்கிற தையல் செக்‌ஷன் பெண் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள். "அக்கா, தலைவலியே இல்லாத படம்கா" என்றாள். சரி, அதற்குப் போகலாம் என்று மாலை ஷோவுக்கு ஆம்பூர் கிளம்பினோம்.

படத்தில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. ஒரு சின்ன ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுவிடுகிற பெண்தான் கதாநாயகி. அவளைப் பார்ப்பதற்காகவே ஒருவன் கண் தெரியவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டு வருகிறான். அவள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறாள். கண்டுபிடித்தும் சொல்லாமல், அவன் வரும்போதெல்லாம் பவரைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறாள். அவனும் வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டு, நல்ல கண்ணை வைத்துக்கொண்டே சுவரில் முட்டுகிறான், எருமைக்கு வணக்கம் வைக்கிறான், யாருடைய பைக்கிலோ பின்னால் ஏறி உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். வெட்டு இல்லை, குத்து இல்லை, வில்லன்கூட இல்லை. இவ்வளவு லேசாக ஒரு படம் போகிறது என்றால் கடைசியில் யாருக்காவது பெரிய வியாதி வரும் என்று நான் உஷாராகக் காத்திருந்தேன். கடைசிவரைக்கும் யாருக்கும் ஜலதோஷம்கூட வரவில்லை.

அந்தப் பெண் புதுமுகம். எந்த ஊரோ. குரல் அவளுடையது இல்லை. உதடு அசைந்து முடித்த பிறகு சத்தம் வந்து சேர்ந்தது. இதை நான் முதல் ஐந்து நிமிஷத்திலேயே பிடித்துவிட்டேன்.

பாதிப் படத்தில் ஒரு இடம். எழுத்து எழுதிய பலகையை அவள் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டு, வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டி, "கடைசி வரியைப் படிங்க" என்கிறாள். அவன் தடிக் கண்ணாடி வழியாகக் கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, "ட... ப... ம..." என்று படிக்கிறான். அவள் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிடுகிறாள்.

அப்போதுதான் என் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. மானம் மரியாதையை எல்லாம் மறந்து ஒரு ஆம்பளை சிரிக்கிற சிரிப்பு. யார் இந்த ஆள் என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர். முன்சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்கச் சிரிக்கிறார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தி, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பொய். வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகக் குடும்பம் நடத்தியிருக்கிறோம். இப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் இதை எங்கே வைத்திருந்தார்? யாருக்காக வைத்திருந்தார்? கேவலம், வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போகிற ஒரு பெண்ணுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாரே என்று இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "இன்னாங்க, அப்டி சிரிச்சீங்க?"

"சிரிச்சனா?"

"பின்ன? தியேட்டரே திரும்பிப் பாத்துச்சு."

"படம் நல்லா இருந்துச்சு" என்றார். அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. அது வீட்டுக்குள் என் காதுக்கு வர வேண்டும். வராவிட்டால் அது யாருக்குப் போகிறது என்றாவது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த வாரம் முழுக்க முயற்சி செய்தேன். சூப்பர்வைசர் இரண்டு கால்களுக்கும் இடது ஷூவையே மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர் முன்னால் நடந்துகாட்டிய கதையைச் சொன்னேன். பஸ்ஸில் அந்தக் கதைக்குச் சிரிக்காத ஆளே இல்லை. அவர் கேட்டுவிட்டு, கோடு விழுந்த உதட்டோடு, "அப்பறம் ரசம் ஊத்து" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்தபோது குளியலறை மூலையில் எலுமிச்சம்பழ மூடிகள் கிடந்தன. டிரம்மில் வேலை செய்கிறவர்கள் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கல்யாணத்துக்குப் போவார்கள், இல்லை ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போவார்கள். மற்ற நாளில் சோப்பே போதும். மூடிகளைக் குனிந்து பார்த்தேன். சாறு சுத்தமாக இல்லை, நன்றாக அழுத்தித் தேய்த்திருக்கிறார். கொல்லைப்பக்கம் போனால் கொடியில் அவருடைய நல்ல சட்டை காய்கிறது. நான் துவைக்கவில்லை. அவரே துவைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்தவர் இல்லை.

கொடியிலேயே வைத்து மோந்து பார்த்தேன். துணி சோப்பு வாசனை மட்டும்தான். எந்த வாசனையும் கிடைக்கக் கூடாது என்பதற்காகத்தான் துவைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

"வெளிய எங்கனா போனீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க போறது? இங்கதான்" என்றார் அவர், டிவியைப் பார்த்துக்கொண்டே.

பொய். என்னிடம் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பேசினால்தானே பொய் சொல்ல முடியும்? சோற்றை வடிக்கும்போது பாதி கஞ்சியோடு போய்விட்டது.

மறுநாள் பஸ்ஸில் அந்தத் தையல் செக்‌ஷன் பெண்ணிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் ஜன்னலை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஆம்பள எலுமிச்சம்பழம் தேச்சு குளிச்சா அது சும்மா இல்ல. சட்டைய தானே தொவச்சாருன்னா சுத்தமா சும்மா இல்ல. வெள்ளிக்கெழம நீ வீட்ல இருக்க மாட்டன்னு அவருக்குத் தெரியும் இல்ல?" என்றாள். எனக்கும் அது தெரிந்ததுதான். வேறு ஒருவர் வாயில் கேட்டபோது நெஞ்சில் பாறாங்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பல் வலி என்று பர்மிஷன் போட்டேன். சூப்பர்வைசர் என் கன்னத்தை உற்றுப் பார்த்தார். வீங்கவில்லை. இருந்தாலும் அனுப்பிவிட்டார். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நேராக ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எதிரே இருந்த ஃபேன்சி ஸ்டோரில் நின்றுகொண்டேன். ஊரிலிருந்து வந்தால் இங்கேதான் இறங்கியாக வேண்டும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கிளிப்புகளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைக்காரர் என் கையையே கவனித்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என்னுடைய பார்வைதான் அது.

அவர் இறங்கினார். தலை ஈரத்தோடு படிய வாரியிருந்தது. அதே நல்ல சட்டை, தோளில் துண்டு. எனக்குப் பெண்பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு சுத்தமாக வரவில்லை. ஜும்மா முடிந்து தொழுகைக் கூட்டம் தெருவில் இறங்கிய நேரம். வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவில் அவரைத் தொலைத்துவிட்டேன். ஓடிப்போய், பிரியாணிக் கடை அடுப்புப் புகைக்கு அந்தப் பக்கம் மறுபடி பிடித்தேன். வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கினார். ஒரு பொட்டலம்தானா, இரண்டா என்று என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு அவர் போய் நுழைந்த இடம் தியேட்டர்.

வாசலில் புதுப்படத்தின் பெரிய பேனர். மீசைக்காரர் ஒருவர் கையில் அரிவாளோடு நின்றார். அதன் ஓரத்தில், பாதி கிழிந்த சின்ன போஸ்டரில் நம் கண்ணாடிக் கடைப் பெண். மதிய ஷோ மட்டும் அந்தப் படம் என்றார்கள். நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகு உள்ளே போனேன்.

கூட்டமே இல்லை. அங்கங்கே ஒருவர் இருவர். என் வீட்டுக்காரர் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துப் பக்கத்து சீட்டில் விரித்துப் போட்டார். அதைப் பார்த்ததும் என் உயிரே போய்விட்டது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அப்படி. யாருக்கோ இடம் பிடித்து வைக்கிறார். நாலைந்து வரிசை தள்ளி, அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வரட்டும், யார் என்று பார்க்கிறேன். கதவுத் திரை அசையும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது.

யாரும் வரவில்லை. படம் ஓடியது. கோபத்தை எங்கேயாவது கொட்ட வேண்டுமே, திரையில் இருந்தவள்மேல் கொட்டினேன். போன முறை சரியாகப் பார்க்காததை எல்லாம் இந்த முறை பார்த்தேன். இடது புருவம் வலதைவிட ஏறியிருந்தது. முகவாயில் ஒரு தழும்பு, பவுடர் போட்டு மறைத்திருந்தார்கள், வெயில் படுகிற காட்சியில் தெரிந்துவிட்டது. மேல்வரிசையில் ஒரு பல் இன்னொரு பல்மேல் ஏறி நின்றது. சிரித்தால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் என் வலது கை தன்பாட்டுக்கு இடது கைக்குப் போய் ஒரு அம்பை உரித்து, எனக்கு முன்னால் இருந்த சீட்டின் முதுகில் ஒட்டியது. வேலைப் பழக்கம். ஒட்டுகிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

வெள்ளைப் பலகை வந்தது. "ட... ப... ம..." அவர் சிரித்தார். அதே சிரிப்பு. பாதி காலியான கொட்டகையில் அது போய்ச் சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. பக்கத்து சீட்டில் துண்டு மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு இடம் வந்தது. முதல் தடவை அதை நான் கவனிக்கவே இல்லை. அவள் அவன் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றுகிறாள். வாயால் ஊதுகிறாள். துப்பட்டா நுனியால் துடைக்கிறாள். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கண்ணாடி வழியாக நம்மைப் பார்க்கிறாள். தடிக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் ஆட்டுக்குட்டிக் கண் மாதிரிப் பெரிதாகத் தெரிகிறது. சிரிப்பு இன்னும் வரவில்லை, வரப்போகிறது. அவ்வளவுதான். உடனே வேறு காட்சிக்குப் போய்விட்டார்கள்.

ஐயோ, அந்தப் பெண் எவ்வளவு அழகாக இருந்தாள்! ஏறிய புருவமும் இருந்தது, தழும்பும் இருந்தது, ஒன்றும் எங்கேயும் போகவில்லை. என் விரல் நுனியில் ஒரு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நானும்தான் நாள் முழுக்க ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். அப்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன். யோசித்தது பிடிக்கவில்லை.

படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன். நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போய்க் காத்திருந்து, எப்போதும் ஏறுகிற பஸ்ஸில், எப்போதும் உட்காருகிற சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். குளியலறையில் எலுமிச்சம்பழ மூடி. கொடியில் சட்டை. அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு டம்ளர் டீ போட்டு வைத்திருந்தார். டீ எதற்கு என்று எனக்கு அதுவும் ஒரு சந்தேகம். ஒரு பெண் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம். வராதவளோடு எப்படிச் சண்டை போடுவது? இன்றைக்கு வரவில்லை, போன வெள்ளிக்கிழமை வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். கிழிந்த போஸ்டர்மேல் வேறு போஸ்டர் வந்துவிட்டது. அவளை அதற்குப் பிறகு நான் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. வேலூரில் பையனைப் பார்க்கப் போனபோது ஒரு துணிக்கடை பேனரில் மட்டும் ஒரு தரம் பார்த்தேன். கம்ப்யூட்டரில் வைத்து முகத்தை வழித்துவிட்டிருந்தார்கள். தழும்பு இல்லை, ஏறிய புருவத்தை இறக்கிவிட்டிருந்தார்கள், அந்தப் பல்லையும் காணோம். சாயம் ஜாஸ்தி. எங்கள் டேபிளில் இதைத் தேறியது என்று அனுப்பிவிடுவோம். எனக்கு ஏனோ ரொம்ப வருத்தமாக இருந்தது. பஸ் கிளம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்துப் படம் போனில் வந்துவிட்டது என்று பையன் சொன்னான். தீபாவளிக்கு வந்திருந்தபோது என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடிகாலையிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரு திட்டம் இருந்தது. அந்தச் சிரிப்பு இந்தப் பெண்ணுக்கா, இல்லை துண்டு விரித்த சீட்டுக்காரிக்கா? வீட்டில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு மறுநாள், இருவருக்கும் லீவு. போனைச் சொம்பில் சாய்த்து வைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில், போனுக்குப் பக்கத்தில், அவர் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். படம் ஓடியது. நான் அவரைப் பார்த்தேன். வெள்ளைப் பலகை வந்தது. "ட... ப... ம..." அவர் உதட்டில் கோடு விழுந்தது. அவ்வளவுதான்.

எனக்குத் தாங்கவில்லை. போனை எடுத்து நிறுத்தினேன்.

"இன்னாங்க, தியேட்டர்ல அப்டி சிரிச்சீங்க? இங்க இன்னா ஆச்சு? அவ பக்கத்துல இல்லன்னா சிரிப்பு வராதா?"

"எவ?"

"துண்டு போட்டு சீட்டு புடிச்சு வெச்சீங்களே, அவ."

அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் இருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார். "நீ வந்தது தெரியும்" என்றார்.

"எப்டி?"

"விளக்கு போட்டதும் பின்னால வாசலுக்கு நடந்து ஒரு வாட்டி திரும்பிப் பாத்தேன். ஒரு சீட்டு முதுகுல வரிசையா செவப்பு அம்பு. செக்கிங் பொம்பளைங்க ஆம்பூர்ல எத்தினியோ பேரு இருக்காங்க. எல்லா முனையும் ஒரே பக்கம் பாத்தாப்ல அவ்ளோ நேரா ஒட்டுறவ நீதான்."

"அது அவளுக்கு ஒட்டுனது. அந்தக் கண்ணாடிக் கடைக்காரிக்கு. பல்லும் மூஞ்சியும் பாத்து."

"இருக்கலாம்" என்றார். "அங்க நின்னு பாத்தேன். முனையெல்லாம் நான் உக்காந்திருந்த சீட்டப் பாத்துதான் இருந்துச்சு."

அவரே மேலே பேசினார். அத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"துண்டு எவளுக்கும் போடல. நான் டிரம் ஆளு. எலுமிச்சம்பழம் தேச்சாலும் வேர்த்தா நாத்தம் வந்துரும். ஒரு வாட்டி, வேற படத்துல, ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்தாரு. கொஞ்ச நேரம் மூக்கப் புடிச்சிருந்தாரு. அப்பறம் எழுந்து வேற எடத்துக்குப் போய்ட்டாரு. ஒண்ணும் சொல்லல. பேஜாரா இருந்துச்சு. அதுலேர்ந்து தனியா போனா துண்டு போட்டுருவேன். யாரும் உக்காந்து எழுந்து போவ வேணாம் இல்ல?"

தோலிலேயே பிறந்து தோலிலேயே சோறு தின்கிறவள் நான். எலுமிச்சம்பழ மூடியைப் பார்த்தேன், சட்டையை மோந்தேன், துண்டைப் பார்த்தேன், டிரம் நாற்றத்தை மட்டும் யோசிக்கவில்லை. வேறு ஊர்க்காரி யாராவது தப்பாக நினைத்திருந்தால் பரவாயில்லை.

"அப்போ பொய் ஏன் சொன்னீங்க?" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"பாத்த படத்தையே திரும்பப் பாத்தேன்னு சொன்னா, ஏன்னு கேப்ப. எனக்கே தெரியாது. அந்தப் பொண்ணு சிரிக்கிறப்ப நமக்கும் சிரிப்பு வருது. இதுக்கு இன்னா காரணம் சொல்றது?"

"இங்க வரலியே."

"அங்க இருட்டு. யாரும் என்னை பாக்கல. நீ இப்டி குந்திக்கினு என் மூஞ்சையே பாத்துனு இருந்தா எப்டி சிரிப்பு வரும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சோற்றில் உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு முதலில் எகிற வேண்டும் போல் இருந்தது. நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று வாய் வரைக்கும் வந்தது. கண் கலங்குவதை அவர் பார்க்கக் கூடாது என்று எழுந்துவிட்டேன்.

"படத்த போடுங்க. நான் கொழம்பு வெக்கிறேன்."

சமையலறையும் அந்த அறையும் ஒன்றுக்கொன்று எதிரே. கதவு கிடையாது. அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கத்திரிக்காய் நறுக்க ஆரம்பித்தேன். காம்பைக் கிள்ளி, நாலாகப் பிளந்து, புழு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தண்ணீரில் போட்டேன். பின்னால் படம் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை தியேட்டரில் பார்த்த படம், காதாலேயே எனக்குத் தெரியும். அவள் கண்ணாடியை ஊதித் துடைக்கிற இடம் சின்னதாக வந்தது, போனது. போனில் அது வெறும் ஊதுகிற சத்தம்தான். பிறகு அவள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறாள். ஷட்டர் இறங்குகிற சத்தம்.

அந்த இடத்தில் அவர் சிரித்தார்.

அங்கே சிரிக்க எதுவும் இல்லை. ஒரு பெண் பூட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான். அங்கே சிரிப்பு வராது. எனக்காகத்தான் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடிவயிற்றுச் சிரிப்பும் இல்லை அது. தொண்டையிலேயே நின்று, கொஞ்சம் இருமல் கலந்து வந்தது. ஒரே ஒரு தரம் திரும்பி முகத்தைப் பார்த்தால் போதும், அசலா போலியா என்று அடித்துச் சொல்லிவிடுவேன். கழுத்து தானாகவே திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்திரிக்காயைப் பார்த்தேன். அதில் புழு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, கண் மறைத்தது. அப்படியே நறுக்கித் தண்ணீரில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சிரிப்பு வந்தது. அது படத்தில் எந்த இடத்துக்கு என்று நான் கவனிக்கவில்லை.